பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நல்ல நாதம்
ஊவா மலைத்தோட்ட இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய மலைப்புறங்களின் லயங்களிலும் பதுளை நகரத்து வாடகை அறைகளிலும் வாழ்ந்துகொண்டு, வீட்டிலே நல்லதொரு பாட்டுச் செட் வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆசை கொண்டிருக்கும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும்,



தீபாவளி முற்பணம் கைக்கு வரும் பருவத்தில் பதுளைக் கடைவீதி வழியே நடந்து செல்பவர் எவரும், கரிய நெடிய ஒலிப்பெட்டிகள் பச்சையும் சிவப்புமாய் விளக்குகள் மினுங்கக் கடைவாசலில் அணிவகுத்து நின்று, ஒரே பாட்டின் ஒரே சில வரிகளைத் திரும்பத் திரும்ப முழங்குவதைக் காணாமற் போக முடியாது. கொழும்புக் கடைகளில் வருடமெல்லாம் நின்றுழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பும் அண்ணனும், பெற்றோரின் முற்பணத்தை நம்பி வந்திருக்கும் தம்பியும் அந்தப் பெட்டிகளின் முன்னே தயங்கி நிற்பதும், கடைக்காரர் அட்டையில் அச்சிட்டிருக்கும் பல்லாயிரம் வாட் என்ற எண்ணைச் சுட்டிக் காட்டுவதும், தவணைக் கடுதாசியில் கையெழுத்து விழுவதும் ஆண்டுதோறும் நடக்கும் காரியங்கள். அந்தக் கையெழுத்தைப் போடுமுன் இம்மடலை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்பதே உங்களிடம் நான் வைக்கும் விண்ணப்பம்.

நான் சொல்ல வந்த விஷயம் பெரியதன்று. சொற்பப் பணத்தில் மிகச் சிறந்த நாதத்தைப் பெறுதல் சாத்தியம். அப்பணத்தை எதிலே, எந்த வரிசையில் செலவிடுவது என்ற விவேகம் மட்டுமே அதற்கு வேண்டும். முதலில் அறை, அடுத்து ஒலிபெருக்கி, அதற்கடுத்து அதை இயக்கும் அம்பிளிபயர், எல்லாவற்றுக்கும் பின்னர் மற்ற அலங்காரங்கள் என்பது அவ்வரிசை. கடைவீதி இதைத் தலைகீழாக்கி, விளக்கையும் எண்ணையும் முதலில் வைத்து, அறையைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுகிறது.

கேட்டு ரசிப்பதில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர் என்பதை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன். 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலியாகத் தொடங்கி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்கு ஒலிபரப்பு நிலையமாய் உழைத்து, 1949இல் ரேடியோ சிலோன் என்ற நாமம் பூண்ட அந்த நிலையம், அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கதவடைத்த 1952ஆம் ஆண்டு முதல் தமிழகத்து வீடுகளுக்கும் சேர்த்துப் பாடத் தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டுப் பேச்சுத் தமிழைச் செப்பனிட்டுக்கொண்ட தலைமுறை ஒன்று நம் தோட்டங்களிலும் இருந்தது. லயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தாலே பெரிது என்றிருந்த அக்காலத்தில், இஸ்தோப்பிலே அந்தப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிறிய ஒலிபெருக்கியும் இரண்டு மூன்று வாட்டுக்கு மேற்படாத சக்தியுந்தான். ஆயினும் பாடகரின் மூச்சும், சொல்லின் மெய்யெழுத்தும், வயலினின் இழைவும் அவர்களுக்குத் தெளிவாய்க் கேட்டன. அந்தத் தெளிவே ரசனையை வளர்த்தது. இன்று பெருஞ்சக்தி என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகளிற் பல, பாட்டனாரின் வானொலி தந்த அந்தத் தெளிவைத் தராமல் அதிர்ச்சியை மட்டும் தருகின்றன என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பார்த்து அறியலாம்.

இனி அந்த வாட்டுக் கணக்கைச் சற்று ஆராய்வோம். அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண்ணுக்குப் பக்கத்திலே பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் சிறியனவாய்க் காணப்படும். கணநேரத்தில் தோன்றி மறையும் உச்சத்தை, இன்ன முறையில் அளக்க வேண்டும் என்ற பொது நியதி ஏதுமின்றி, உற்பத்தியாளர் தம் இஷ்டம்போல் கூட்டிப் பெருக்கி எழுதும் தொகை அது. ஆர்.எம்.எஸ். என்ற குறிப்போடு வரும் எண்ணே தொடர்ந்து தரக்கூடிய உண்மையான சக்தியைக் காட்டுவது. பெரும்பாலும் அது அட்டையின் அடியிலோ பெட்டியின் முதுகிலோ ஒடுங்கிக் கிடக்கும். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

அந்த உண்மைச் சக்தியும் நமக்கு எவ்வளவு தேவை? வீட்டு ஒலிபெருக்கி ஒன்று, ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 86 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். நாம் சாதாரணமாய் உரையாடுவது 60 டெசிபல் அளவில் என்றால் அந்த ஒரு வாட்டின் பலத்தை ஊகித்துக்கொள்ளலாம். சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்றே டெசிபல். காதுக்கு இரு மடங்கு உரத்துக் கேட்க வேண்டுமாயின் பத்து டெசிபல் கூட வேண்டும், அதாவது சக்தி பத்து மடங்காக வேண்டும். ஆகவே இருபது வாட்டிலிருந்து நாற்பதுக்குப் போக இரட்டைப் பணம் கொடுப்பவர் வாங்குவது, காதுக்குச் சிறிதளவே தெரியும் ஒரு வித்தியாசத்தை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராவுக்குப் பக்கம் ஒன்றுக்குப் பதினைந்து முதல் இருபது வாட் மெய்யான சக்தி தாராளம்; மிச்சத்தைக் கையிலே வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர், மலைச்சரிவு கடந்து அடுத்த டிவிஷன்வரை குரலை எறிவதற்கென்று ஏற்பட்ட சாதனம். காம்பராவுக்குள் இருப்பவருக்கு மலைச்சரிவைக் கடக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

அறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் காசு செலவில்லாமல் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்கிறது. எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கிடையில், அவ்விடைவெளியைப் போல் இரு மடங்கு நீளமுள்ள அலை சிக்கிக்கொண்டு முன்னும் பின்னுமாய் மோதி நிற்கும். பன்னிரண்டடி நீளத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விநாடிக்கு 47 அதிர்வும், பத்தடி அகலத்துக்கு 56 அதிர்வும் வருகின்றன. மிருதங்கத்தின் தொப்பியும் பாஸ் கிட்டாரின் அடித்தந்தியும் பேசுகின்ற பிரதேசத்துக்கு மிக அருகே இவை கிடப்பதால்தான், சிறிய அறையில் பெரிய சப்வூபரை வைத்தவுடன் சில சுருதிகள் மட்டும் வயிற்றைக் குலுக்குவதும் வேறு சில காணாமற்போவதும் நிகழ்கின்றன. பெட்டியை மூலையிலே தள்ளினால் இந்தக் குமுறல் இன்னும் அதிகரிக்கும். கேட்பவர் பின்சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாலும் அப்படியே. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தாலோ 47 அதிர்வு அங்கே அடங்கிப்போவதால் பாஸ் மெலிந்து கேட்கும்.

இதற்குப் பரிகாரம் எளியது. பத்தடிச் சுவரின் பக்கமாக இரண்டு பெட்டிகளையும் வையுங்கள். சுவரிலிருந்து ஒன்றரையடி முன்தள்ளியும், ஒன்றுக்கொன்று ஐந்தரை, ஆறடி இடைவெளி விட்டும், பக்கச் சுவர்களிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருக்கும்படியும் நிறுத்துங்கள். நீங்கள் அமரும் இடம் பெட்டிகளிலிருந்து ஏறத்தாழ அதே ஆறடியில், இரண்டுக்கும் சமமாக, அறையின் நடுவைத் தாண்டிச் சற்றுப் பின்னால் அமையட்டும். பெட்டியில் உள்ள சிறிய ட்வீட்டர் உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கெனத் தாங்கி வாங்க வேண்டியதில்லை. சிமெந்துக் கற்களை அடுக்கி, தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வெட்டிய துண்டுகளைப் பெட்டிக்கடியில் வைத்தால் அதிர்வு கல்லுக்கு இறங்குவது குறையும். வெறுஞ் சிமெந்துத் தரையும் பூசிய சுவரும் உயர்ந்த சுருதிகளைத் திருப்பியடித்துக் குரலைக் கூசச் செய்யும். தரையில் தடித்த பாயோ கம்பளமோ விரியுங்கள். மழையில் மலையேறுபவர் முன்பு போர்த்திக்கொண்ட பழங்கம்பளி எங்கேனும் மூலையில் கிடந்தால், அதை மடித்துப் பெட்டிக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள பக்கச் சுவரின் நடுப்பகுதியில் தொங்கவிடுங்கள். பெரிய நகரங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அடர்ந்த பஞ்சுப் பலகைகள் செய்யும் வேலையின் ஒரு பகுதியை அது செய்யும். மின்கம்பி ஓடும் சுவரில் மட்டும் துணியோ சாக்கோ தொங்கலாகாது. லயங்களில் தீ எவ்வளவு விரைவாய் அடுத்தடுத்த காம்பராவுக்குத் தாவும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்கோ மலிவான மருந்து கிடையாது. ஐப்பசியில் மழை இறங்கி அடிக்கும் நேரத்தில் அதனோடு போட்டியிட்டு ஒலியைக் கூட்டாமல், செட்டை நிறுத்திவிட்டு மழை விட்டபின் கேட்பதே செட்டுக்கும் காதுக்கும் நன்று.

அடுத்தது ஒலிபெருக்கி. உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் போக வேண்டும், ஏனெனில் மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றும் அந்தக் கடைசி வேலையிலேயே ஒரு செட்டின் குணதோஷங்களிற் பெரும்பாலானவை பிறக்கின்றன. கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும், ஜப்பானியப் பழம்பொருள் இறக்கி விற்கும் கடைகளிலும், அந்நாட்டு வீடுகளில் ஓய்வுபெற்ற ஒலிபெருக்கிகளும் அம்பிளிபயர்களும் கிடைக்கின்றன. சான்சுயி, பயனியர், கென்வுட், டெக்னிக்ஸ், டெனன், ஒன்கியோ, யமஹா என்ற பெயர்கள் தாங்கிய அப்பொருள்கள், இன்று அதே விலைக்குக் கிடைக்கும் புதிய பெட்டிகளைவிட உறுதியான மரத்தாலும் கனமான காந்தத்தாலும் ஆனவை. பழம்பொருளாதலின் சோதித்து வாங்குவது உங்கள் பொறுப்பு.

சோதனைக்கு வேண்டியவை ஒரு மல்ட்டிமீட்டரும், சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றும், உங்கள் விரல்களுமே. எட்டு ஓம் என்று எழுதிய ஒலிபெருக்கியை மீட்டரில் அளந்தால் ஆறு ஓம் அளவில் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிடில் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. பேட்டரியின் இரு முனைகளிலிருந்து கம்பியெடுத்து ஒலிபெருக்கியைக் கணநேரம் தொட்டால் ‘டப்’ என்று ஒலித்துக் கூம்பு அசையும். பேட்டரியின் கூட்டல் முனை சிவப்புக் கட்டையில் பட்டபோது கூம்பு வெளிநோக்கி வர வேண்டும், இரு பெட்டிகளிலும் ஒரே மாதிரி வர வேண்டும். விரல்களைப் பரப்பிக் கூம்பை மெல்ல அழுத்தி விட்டால் அது உராயாமல் திரும்ப வேண்டும். கரகரவென்று உராய்ந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரையினால் ஆனதா, ரப்பரினால் ஆனதா என்று பாருங்கள். நுரை வளையம் ஈரக் காற்றில் பதினைந்து இருபது வருடத்தில் பொடிந்து உதிர்வது; ரப்பர் அதைவிட நெடுநாள் தாங்கும். நுரை மட்டும் உதிர்ந்து மற்றதெல்லாம் செம்மையாயிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், ஏனெனில் அந்த வளையத்தைப் புதிதாய் வாங்கிப் பசையிட்டு ஒட்டுவது பொறுமையுள்ள கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அம்பிளிபயர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டில் 230. முதுகில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும் அம்பிளிபயரை நம் சுவரில் நேரே செருகினால், பாட்டுக்குப் பதில் புகைதான் வரும். 230ஐ 100 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர் ஒன்று அவசியம்; அம்பிளிபயரின் முதுகில் எழுதியிருக்கும் வாட்டைப் போல் இரு மடங்கு தாங்கக்கூடியதாய் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்போமரின் விலையையும் அம்பிளிபயரின் விலையோடு கூட்டிய பின்பே மலிவா அல்லவா என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, வானொலியும் சேர்ந்த ஜப்பானிய ரிசீவரை அதன் வானொலிக்காக வாங்காதீர்கள். அந்நாட்டுப் பழைய எப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டுமே பிடிக்கும். நம் நிலையங்களோ 87.5 முதல் 108 வரை பரந்து கிடப்பதால், அவற்றிற் பெரும்பாலானவற்றின் குரல் அதன் காதில் விழாது.

இந்த உபத்திரவங்கள் வேண்டாமென்பவர்க்கு வேறு மார்க்கம் இருக்கிறது. டி.பி.ஏ. 3116 போன்ற ஒற்றைச் சில்லில் அடங்கிய டி வகுப்பு அம்பிளிபயர்ப் பலகைகள் உள்ளங்கை அளவில், சொற்ப விலையில் வருகின்றன. கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஒலிபெருக்கிக்கே சேர்ப்பதால் அவை அதிகம் சூடாவதில்லை. பழுதான மடிக்கணினி ஒன்றின் 19 வோல்ட் அடாப்டர் கிடைத்தால் அதுவே இதற்கு உகந்த மின்வழங்கி. எட்டு ஓம் ஒலிபெருக்கியில் பக்கத்துக்குப் பதினைந்து வாட்டுக்கு மேல் கிடைக்கும். நமக்கு எவ்வளவு தேவை என்று மேலே கண்டோமோ அவ்வளவும் இதில் அடங்கிவிட்டது. சுவர் மின்சாரத்தைத் திறந்து கையாள வேண்டிய ஆபத்தும் இம்முறையில் இல்லை. பல லயங்களில் கம்பிகள் பழையவை, நில இணைப்பு ஐயத்துக்குரியது, ஒரே சொக்கட்டில் மூன்று பொருள் தொங்குவது சகஜம். இவற்றை எண்ணும்போது எளிய வீட்டுக்கு இந்தச் சிறிய பலகையே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

தச்சு வேலையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தாமே செய்யவும் கூடும். இங்கே நம் மலைக்கே உரிய ஒரு சரித்திரத்தைக் குறிப்பிடாமலிருக்க இயலவில்லை. தேயிலை காகிதப் பைகளில் போகத் தொடங்குவதற்கு முன்னால், உள்ளே ஈயத் தாளோ அலுமினியத் தாளோ ஒட்டி, விளிம்புகளில் தகரப் பட்டி அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் கப்பலேறியது. இங்கிலாந்தில் காலியான அத்தகைய பெட்டிகளைக் கவிழ்த்து, ஒரு கம்பும் ஒரு கயிறும் கட்டி, பாஸ் வாத்தியமாக மீட்டினார்கள் 1950களின் ஏழை இளைஞர்கள். 1957இல் லிவர்ப்பூலில் ஜான் லெனன் என்ற பள்ளி மாணவன் நடத்திய குவாரிமென் குழுவிலும் தேயிலைப் பெட்டியே பாஸ் ஒலித்தது. அக்குழுவே பின்னர் பீட்டில்ஸ் என்று உலகறிய மலர்ந்தது. கொழுந்து கிள்ளிய கைகளுக்குத் தெரியாமலே, கிழக்கு மலைகளின் பெட்டி மேற்கின் சங்கீதத்தில் இவ்வாறு பங்கு கொண்டது.

ஆயினும் பழைய தேயிலைப் பெட்டி எங்கேனும் அகப்பட்டதென்று அதிலே ஒலிபெருக்கியைப் பொருத்திவிடாதீர்கள். மெல்லிய பலகை தானும் சேர்ந்து அதிரும். அதனாலேயே அது வாத்தியமாயிற்று. வீணையின் குடம் பாட வேண்டும். ஒலிபெருக்கியின் பெட்டியோ மௌனமாயிருக்க வேண்டும், ஏனெனில் அது பாடத் தொடங்கினால் எல்லாப் பாட்டிலும் தன் குரலையே கலக்கும். ஆகையால் முக்கால் அங்குலத்துக்குக் குறையாத பலகையைத் தேர்ந்து, மூட்டுகளில் காற்றுப் புகாமல் பசையிட்டு, உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று கொடுத்து, விரல் முட்டியால் தட்டினால் கல்லைத் தட்டியது போன்ற மங்கிய ஒலி வருமட்டும் உறுதி செய்யுங்கள். ஐந்தங்குல ஒலிபெருக்கிக்கு எட்டு, பத்து லீற்றர் கொள்ளும் மூடிய பெட்டி பொதுவாகப் போதும். உள்ளே இலவம் பஞ்சைத் தளர்வாய் அடைக்கலாம். எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் 1954இல், இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகக் கொண்டு ஆழ்ந்த பாஸை வருவித்துக் காட்டிய நாள் முதல், பெரிய நாதத்துக்குப் பெரிய பெட்டியே வேண்டும் என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது. பௌதிகம் கற்ற ஒருவர் சங்கீதத்துக்கு என்ன செய்ய முடியும் என்று ஐயுறுவோர், மட்டக்களப்புச் சீமையிற் பிறந்து விஞ்ஞானம் பயின்ற விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழைக் கணக்கினால் மீட்டெடுத்து 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேற்றியதை எண்ணிப் பார்க்கட்டும்.

கம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் செம்பு உள்ள சாதாரண இரட்டைக் கம்பி, மூன்று மீற்றர் தூரத்துக்குச் சென்று திரும்புவதில் உண்டாகும் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த கம்பியைக் கடைக்காரர் காட்டினால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பாட்டைத் தரும் சாதனமாக உங்கள் கையிலுள்ள தொலைபேசியே போதும். புளூடூத் வழியாக அனுப்புவதைவிட, கம்பி வழியாக எடுப்பது இலேசில் தடைப்படாது. பாட்டுக் கோப்பு பலமுறை நகலெடுத்துச் சுருங்கித் தேய்ந்ததாக இருந்தால் எந்தச் செட்டும் அதைக் காப்பாற்றாது.

எல்லாம் பொருத்திய பின் ஒழுங்காய் அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை கூறுகிறேன். இடம் வலம் என்று இரு வழியாக ஒலியைப் பதிந்து, கேட்பவர் முன் ஒரு மேடையையே தோற்றுவிக்கும் முறைக்கு ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், ஆனால் டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோரின் அறுபதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் ஒற்றை வழிப் பதிவுகளே. அத்தகைய பாட்டொன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். இரு பெட்டிகளிலிருந்தும் ஒரே ஒலி வருவதால், குரல் இரண்டுக்கும் நட்டநடுவே, பெட்டியே இல்லாத வெற்றிடத்திலிருந்து, ஒருவர் எதிரே நின்று பாடுவதுபோல் வர வேண்டும். குரல் ஒருபுறம் சாய்ந்தால் தூரங்கள் சமமாக இல்லை. குரல் எங்கே என்று சொல்ல முடியாமல் பரந்து, பாஸும் மெலிந்திருந்தால், ஒரு பெட்டியில் கம்பிகள் மாறியிருக்கின்றன, மாற்றிப் பொருத்துங்கள். அந்த நடுக்குரல் துலங்கிவிட்டால், பிறகு இளையராஜாவின் எண்பதுகளின் ஸ்டீரியோப் பாட்டுகளைப் போடுங்கள். வயலின்கள் ஒருபுறமும் புல்லாங்குழல் மறுபுறமுமாய் விலகி நிற்க, பாஸ் கிட்டார் தனக்கென்று ஒரு வழி வகுத்து நடப்பதைக் காணலாம்.

பணத்தைப் பிரித்துக்கொள்ளும் விதத்தையும் சொல்கிறேன். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இருபது நாள் உழைப்பான 27,000 ரூபாவை ஒருவர் இதற்கென்று பல மாதங்களாய்ச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15,000 வரை ஒலிபெருக்கிக்கும், 6,000 அளவில் அம்பிளிபயருக்கும் அதன் மின்வழங்கிக்கும், மல்ட்டிமீட்டர், கம்பி, பசை, வளையம் ஆகியவற்றுக்கு 3,000மும் ஒதுக்கி, எஞ்சிய 3,000ஐத் தொடாமல் வைத்திருங்கள். பழம்பொருள் வாங்குபவனுக்கு எதிர்பாராத பழுது ஒன்று வந்தே தீரும். கையிலிருப்பது இதில் பாதியானாலும் விகிதம் இதுவே. ஒருபோதும் தவணைக்கு வாங்காதீர்கள். வட்டியாய்ப் போகும் பணத்தில் ஒரு நல்ல ஒலிபெருக்கியின் பாதி விலை இருக்கிறது. அடைமழையில் வேலைநாள் குறையும் மாதத்திலும் தவணைக்காரர் வருவார்.

அடுத்த காம்பராவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் லயங்களில் இரு வீட்டாருக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். பல இடங்களில் அதுவும் கூரையை முட்டுவதில்லை. உயர்ந்த சுருதிகளைத் துணியும் சுவரும் தடுத்துவிடும். தாழ்ந்த பாஸோ எதையும் பொருட்படுத்தாமல் ஊடுருவும். அதிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டிய தாயும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் சுவருக்கு அப்பால் இருக்கிறார்கள். குறைந்த ஒலியில் நிறைவாகக் கேட்பது எப்படி என்பதற்கும் விஞ்ஞானம் விடை சொல்லுகிறது. ஒலி தாழத் தாழ மனிதச் செவி பாஸை அதிகமாய் இழக்கிறது என்று பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் அளந்து வெளியிட்டனர். பழைய ஜப்பானிய அம்பிளிபயர்களில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருப்பது அவ்விழப்பை ஈடுசெய்யவே. இரவில் ஒலியைத் தாழ்த்தி அப்பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள். அது இல்லாத பலகையில் பாஸ் திருகியைச் சற்றே கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டிகளுக்கு ஆறடி தூரத்தில் அமர்ந்து கேட்கப் பழகியவனுக்கு, அயலாரை எழுப்பாத ஒலியிலேயே முழுச் சங்கீதமும் கிடைக்கும். நல்ல செட்டின் இலட்சணங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக, இது தனியொருவர் சுமக்க வேண்டிய காரியமல்ல. ஒரு மல்ட்டிமீட்டர், ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயன் ஒன்று, ஒரு மரவாள் ஆகியவற்றைத் தோட்டத்து இளைஞர் மன்றம் பொதுவில் வாங்கி வைத்தால், பத்து வீட்டுக்கு அவை உழைக்கும். இரண்டு பேர் கற்றுக்கொண்டால் மற்றவர்க்குக் கற்பிக்கலாம். பெண்பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈயம் பற்றவைக்க வேண்டியது நிதானமான கை, அது அவர்களிடம் தாராளமாய் இருக்கிறது. இவ்வாறு அமைந்த செட்டில் நீங்கள் கேட்க வேண்டியது திரைப்பாட்டு மாத்திரமன்று. காமன் கூத்தின் பாட்டையும் தப்பின் பல்வேறு அடிகளையும் முழுமையாய் அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றை எழுத்தில் வைத்தார், நீங்கள் ஒலியில் வைக்கலாம். அம்முதியவர்களின் அனுமதியோடு தொலைபேசியில் பதிந்து, நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டால், பதிவில் என்ன குறை என்பதும் தெரியும். குறை தெரிந்தால் மறுமுறை செம்மையாய்ப் பதியலாம்.

இவற்றையெல்லாம் பணம் சேரும்வரை ஒத்திப்போட வேண்டாம். இப்போது உங்கள் வீட்டில் எந்தச் செட் இருக்கிறதோ அதன் பெட்டிகளை அலுமாரியின் உச்சியிலிருந்தும் மூலையிலிருந்தும் இறக்கிக் காது மட்டத்தில், சுவரை விட்டு ஒன்றரையடி தள்ளி, சம தூரத்தில் வையுங்கள். கம்பிகளின் நிறம் சரியா என்று பாருங்கள். பழைய பாட்டொன்றைப் போட்டுக் குரல் நடுவே வருகிறதா என்று கேளுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதன்பிறகும் புதுச் செட் வேண்டுமென்று தோன்றினால், என்ன குறைகிறதென்று உங்கள் காதே சொல்லும். அதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
பதுளை வானொலி நேயன் ஒருவன்